அண்ணன் கல்யாணமும் என் ரேஸ் என்ஜினும்

கார் என்ஜினைப் பிரிக்க அறிவு தேவையில்லை. நாலு ஸ்பேனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும். திரும்ப மாட்டுவதற்குத்தான் அறிவு வேண்டும் என்பார்கள். அதுவும் சும்மா சொல்வதுதான். அறிவே இல்லாமல் மாட்டலாம். மாட்டிய பிறகு அது ஓடவும் செய்யும். ஏற்காடே உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். அறிவு இல்லை என்கிற சங்கதி எங்கே தெரியக்கூடாதோ அங்கே போய்த்தான் தெரியும். எனக்குக் குப்பனூரில் தெரிந்தது, என் அண்ணன் கோட்டுசூட்டோடு கல்யாணத்துக்குப் போகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தபோது.

அப்போது நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். வகுப்பிலேயே ஒரே பெண். அந்தப் பெருமை போதாதென்று மதிப்பெண்ணும் வாங்கித் தொலைத்திருந்தேன். மிச்ச நேரமெல்லாம் செல்போனில் ரேஸ் என்ஜின் கட்டுகிற வீடியோக்கள். எங்கேயோ ஒரு நாட்டில், ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமான பட்டறையில், கையில் அழுக்குப் படாமல் ஒருவர் என்ஜின் கட்டுவார். நான் எங்கள் வீட்டுப் பின்னால் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ப்பூ, இவ்வளவுதானா!" என்பேன்.

எங்கள் அப்பா எஸ்டேட்டில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக் காசில் வாங்கிய பழைய எண்ணூறு சிசி கார் ஒன்று வைத்திருந்தார். மூன்று சிலிண்டர், முப்பது விதமான புகை. நான்கு பேர் ஏறினால் மேட்டில் ஒருவர் இறங்கி நடக்க வேண்டும். (பெரும்பாலும் அம்மாதான் நடப்பார். பாவம், ஜெபமாலை சொல்லிக்கொண்டே வருவார்.) சேவியர் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மெக்கானிக்கிடம் விட்டு என்ஜினைச் சரிசெய்துவிடலாம் என்று அப்பா சொன்னார். நான் குறுக்கே விழுந்தேன். மெக்கானிக்குக் கொடுக்கிற காசை என்னிடம் கொடுங்கள், அதே காசில் ரேஸ் என்ஜினே கட்டித் தருகிறேன் என்றேன்.

அப்பா, "ஓடுனாப் போதுங் கண்ணு. பறக்க வேண்டாம்" என்றார்.

கேட்டேனா?

இங்கே பெண் வீட்டாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணி ரெஜினாவுக்கு மலையடிவாரத்துக் குப்பனூரைத் தாண்டி ஒரு கிராமம். முதல்முறை பெண் பார்க்கப் போனபோது மூடுபனியிலும் எங்கள் காரின் புகையிலும் சிக்கி, விருந்து ஆறிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அண்ணியின் அப்பா அதை மறக்கவே இல்லை. மலைக்காரர்களுக்குப் பத்து மணி என்றால் பன்னிரண்டு மணிதான், இவர்களை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே கேட்டார். அண்ணி மட்டும்தான் பிடிவாதமாக நின்று சம்மதிக்க வைத்தார். அண்ணனிடம் போனில் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "எனக்கு எதுவும் வேண்டாங்க. கல்யாணத்தன்னிக்கு நேரத்துக்கு வந்துருங்க. எங்கப்பா வாயத் தொறக்கக் கூடாது."

பெண்ணின் ஊர் மாதா கோயிலில் பத்து மணிக்குத் திருப்பலி. அதை முடித்துவிட்டு ஃபாதர் வேறொரு ஊரில் இன்னொரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். ஆக, தாமதமே கூடாது. நிச்சயதார்த்தத்தன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரும் கேட்காமலே எழுந்து, "கவலையே படாதீங்க மாமா. நான் கட்டுற வண்டி. ஒம்போதே முக்காலுக்குச் சத்தம் கேக்கும்" என்றேன். இன்றைக்கும் அந்த ஸ்டெல்லா, அதாவது அன்றைய நான், கையில் கிடைத்தால் இரண்டு அறை விடுவேன்.

காசோ கொஞ்சம். ஆசையோ அண்டா நிறைய. சேலத்தில் பழைய இரும்புக் கடைகளில் நாள்கணக்காக அலைந்து, அடிபட்ட காரொன்றின் பிஸ்டன்களையும், எங்கள் காரைவிடப் பெரிய காரில் பெட்ரோலையும் காற்றையும் கலந்துகொடுத்த கார்புரேட்டரையும் வாங்கினேன். என்ஜினின் தலைப்பகுதியின் அடியைக் கொஞ்சம் சீவி எடுத்தால் உள்ளே இடம் குறைந்து, பெட்ரோலும் காற்றும் நெருக்கி அடைபட்டு ஓங்கி வெடிக்கும். செலவில்லாமல் சக்தி கூடும். லேத் பட்டறைக்காரர் சீவிவிட்டுப் போதுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடியும் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். தேங்காய் துருவுகிறவள் கேட்பது மாதிரி அவர் கேட்க, நானும் குழம்பு வைக்கிறவள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

காற்று வடிகட்டிக்கு அம்மாவின் மாவுச் சல்லடை. (புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அதுதான் வேண்டுமாம்.) புகைக்குழாய்க்கு எஸ்டேட்டில் தண்ணீர் பாய்ச்சிய பழைய இரும்புக் குழாய். காற்று கசியாமல் கார்புரேட்டருக்கு அடியில் வைக்கும் கேஸ்கட்டுக்குத் தடித்த அட்டை வேண்டியிருந்தது. வீட்டில் இருந்ததிலேயே தடித்த அட்டை அண்ணனின் கல்யாணப் பத்திரிகைதான். மிஞ்சியதில் ஒன்றை எடுத்து வெட்டினேன். மணமகன் பெயர் உள்ளே போனது, மணமகள் பெயர் குப்பைக்குப் போனது. சகுனம் என்று ஒன்று இருந்தால் அதைவிடச் சத்தமாகப் பேசியிருக்க முடியாது.

ஆனால் ஓடியது ஐயா, ஓடியது! முதல் உறுமலில் கோழிகள் இரண்டு நாள் முட்டை வைக்கவில்லை. செம்மநத்தம் போகிற குறுகலான மேட்டில், முன்பு அம்மா நடந்து ஏறிய இடத்தில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் ஜீப்பையே முந்தினேன். ஊர்ச் சந்திப்பான ஒண்டிக்கடையில் நிறுத்தினால் டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். தினமும் மேடு தேடி ஏற்றி, காதால் கேட்டுக் கேட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மலைக்காற்றில் கணீரென்று பேசும்படி வைத்தேன்.

ஒரு தடவையாவது மலையை விட்டு இறக்கி ஓட்டிப் பார்த்திருக்கலாம். அப்பாகூடக் கேட்டார். எதற்கு? கீழே இருப்பது சமதளம். மேடு ஏறுகிற வண்டி சமதளத்தில் படுத்துக்கொள்ளுமா? இதை நான் மட்டும் சொல்லவில்லை, ஒண்டிக்கடையே சொன்னது. மலையில் பிறந்த எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். எங்களுக்கு மேடுதான் பரீட்சை, சமதளமெல்லாம் விடுமுறை.

கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் பஸ் பிடித்துக் காலையிலேயே கிளம்பினார்கள். அண்ணனையும் அதிலேயே வரச் சொல்லிப் பெரியப்பா முதல் பக்கத்து வீடுவரை வற்புறுத்தினார்கள். அண்ணன் கேட்கவில்லை. "என்ற தங்கச்சி கட்டுன வண்டி. நான் அதுலதான் வருவேன்" என்று சொல்லிவிட்டான். இந்த ஒரு வரிக்காகத்தான் இன்றுவரை எனக்குத் தூக்கம் கெடுகிறது.

நாங்கள் மெதுவாகக் கிளம்பினோம். ரேஸ் கார் அல்லவா, அவசரம் என்ன? குப்பனூர் சாலையில் இறக்கம் முழுக்க வண்டி தானாக உருண்டது. அம்மா ஜெபமாலையை உள்ளே வைத்துவிட்டார், அவ்வளவு நம்பிக்கை. அடிவாரம் வந்தது. வெயில் அடித்தது. எதிரே நேரான, காலியான தார்ச்சாலை. கால் தானாக அழுத்தியது.

கடலையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம்.

"ஏங் கண்ணு, அதென்ன சத்தம்?" என்றார் அப்பா.

"பவருப்பா" என்றேன்.

இன்னும் அழுத்தினேன். சூடு காட்டும் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. டமார் என்று ஒன்று கேட்டது. பின்னால் நீலப் புகை எழுந்து குப்பனூரையே மறைத்தது. வண்டி கொஞ்ச தூரம் நொண்டிவிட்டு, ஒரு புளியமரத்தடியில் கௌரவமாக நின்றது. கோயில் இன்னும் ஆறேழு கிலோமீட்டர்.

பானெட்டைத் திறந்து நின்றபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மலையில் காற்று அடர்த்தி குறைவு. அந்தக் காற்றுக்குத் தோதாகப் பெட்ரோலைக் குறைத்திருந்தேன். கீழே அடர்த்தி அதிகம். அதற்கு அந்தப் பெட்ரோல் பத்தாது, என்ஜின் கொதித்துப்போகும். போதாக்குறைக்குச் சீவோ சீவென்று சீவிய தலை வேறு. உயரத்துக்குத் தக்கபடி என்ஜின் எப்படி மாறும் என்பது டிப்ளமோ பரீட்சையில் வந்த கேள்வி. முழு மதிப்பெண் வாங்கியவள் நான். படம் வேறு வரைந்திருந்தேன், கலர் பென்சிலில்!

தெரிந்த பிறகாவது வாயை மூடிக்கொண்டிருந்தேனா? அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் ஒன்று வந்தது. அண்ணன் கையைக் காட்டினான், பஸ்ஸும் நின்றது. நான் கண்டக்டரிடம் ஓடிப்போய், "நீங்க போங்கண்ணா, அஞ்சு நிமிசத்துல சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். (ஆமாம், நானேதான். சுயபுத்தியோடுதான்.) பஸ் போனது. ஐந்து நிமிஷமும் போனது. அதற்கப்புறம் அந்தச் சாலையில் ஆட்டுமந்தை ஒன்றைத் தவிர எதுவும் வரவில்லை. மணி பத்தைத் தாண்டியது. அண்ணியிடமிருந்து போன் வந்தது. வந்துகொண்டே இருக்கிறோம் என்றான் அண்ணன். மறுபடி வந்தது. அதையே சொன்னான். மூன்றாவது முறை அடித்தபோது எடுக்காமல் என்னிடம் வந்தான்.

"ஸ்டெல்லா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இது ஓடுமா, ஓடாதா?"

"ஓடாதுண்ணா."

"செரி" என்றான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு உயிர் வந்திருக்கும். கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு சாலையில் போய் நின்றான். அந்த முதுகைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பெண் அவள் அப்பாவையே எதிர்த்துக்கொண்டு இவனுக்காகக் காத்திருக்கிறாள், இவன் என்னை நம்பி நடுரோட்டில் நிற்கிறான்.

கடைசியில் வந்தது டிராக்டர். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப் போகிறது. ஓட்டுகிறவர் நல்ல மனுஷர். "கெழங்கு மேலதானுங்க ஒக்காரோணும், பரவால்லீங்களா?" என்று அண்ணனின் வெள்ளைச் சட்டையைப் பார்த்து வருத்தத்தோடு கேட்டார். ஏறினோம். அம்மா பட்டுச்சேலையில், மறுபடியும் ஜெபமாலையோடு. காரைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். (எவன் திருடப்போகிறான்?)

கோயில் தெருமுனையில் பேண்டு செட் தயார். பட்டாசுச் சரம் தயார். வீடியோக்காரர் ஸ்டூல் மேல் ஏறித் தயார். ரேஸ் கார் வருகிறது என்று அண்ணியின் அப்பா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்போல; வாலிபப் பிள்ளைகள் மதில் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் சாலையின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டரை ஒருவரும் பார்க்கவில்லை. அண்ணியின் அப்பா மட்டும் முகம் சிவந்து குறுக்கே ஓடிவந்து கையை ஆட்டினார்.

"ஏப்பா, வண்டிய ஓரங்கட்டு. மாப்பிள்ளை கார் வர்ற நேரம்."

கிழங்குக் குவியலின் உச்சியிலிருந்து அண்ணன் பணிவாகச் சொன்னான்: "மாமா, நான்தானுங்க."

பேண்டுக்காரர்களுக்கு என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. அண்ணியின் அப்பா வாயைத் திறந்தார், மூடினார், அன்று முழுக்கத் திறக்கவே இல்லை. ஒருவகையில் அண்ணி கேட்டது நடந்துவிட்டது. ஃபாதர் அவசர அவசரமாகத் திருப்பலி வைத்தார். பிரசங்கத்தில் மட்டும் அவசரப்படாமல், நேரம் தவறாமை பற்றி என்னைப் பார்த்தே பேசினார். பீடத்தில் அண்ணி, அண்ணனின் தோளில் ஒட்டியிருந்த கிழங்குத் தோலை எடுத்துக் கீழே போட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கோயிலுக்குப் பின்னால் போய் அழுதேன். (பிரியாணியைத் தொடவில்லை என்று எழுத ஆசைதான். அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.)

கார் ஒரு மினி லாரியின் முதுகில் பட்டப்பகலில் ஒண்டிக்கடை வழியாக மலையேறியது. டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள், துக்க வீட்டு மரியாதையோடு. பிரித்தபோது பிஸ்டனில் விரல் நுழைகிற ஓட்டை. பத்திரிகை அட்டையில் அண்ணன் பெயர் மட்டும் பெட்ரோலில் ஊறியும் அழியாமல் இருந்தது. மெக்கானிக் பழைய மாதிரியே என்ஜினைக் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் பானெட்டைத் தொட்டதே இல்லை. வண்டி மேலேயும் ஓடுகிறது, கீழேயும் ஓடுகிறது. அதை நான் சொன்னால் நம்புவதற்குத்தான் ஆளில்லை.

எவ்வளவு ஆளில்லை என்பது அண்ணிக்கு இடுப்புவலி கண்ட அன்று தெரிந்தது. அண்ணன் வெளியூரில். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியோ கீழே சேலத்தில். நான் பதறிக்கொண்டு கார் சாவியோடு ஓடினேன். அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து ஒரு வலியை விட்டார். பிறகு என் கன்னத்தைத் தட்டி, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

"வேண்டாங் கண்ணு. நான் பஸ்லயே போயிக்கறேன்."

போனார். அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, வளைவுக்கு வளைவு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸிலேயே போனார். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு. ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேக் வெட்டியதும் முதல் துண்டை என் வாயில் வைத்துவிட்டு, தான் பிறந்த அன்று ஏன் பஸ்ஸில் போனார் என்று அண்ணியிடம் கேட்பாள். பதில் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் கேட்பாள். அண்ணியும் சலிக்காமல் சொல்வார்:

"அத்தை கார்ல போயிருந்தா, உனக்குக் குப்பனூருன்னுதான் பேர் வெச்சிருக்கோணும்."