குப்புசாமியின் கர்ப்பப்பை

வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குப் போகும் சாலையில் இருக்கிற கல்யாண மண்டபத்தில் ஆறு வாரமாகக் கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. அதைவிடப் பெரிய கூத்து நடந்தது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி, வாந்தியெடுத்து, முகம் கழுவி, மறுபடி வாந்தியெடுத்து, வேன் வேனாக ஜனங்கள் ஏறி வந்தார்கள். அரியூர் நாட்டு மலைக்காரர்கள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். மலை, சமவெளி என்ற பேதம் பார்க்காமல் எல்லோரையும் சமமாக மொட்டையடிக்கும் மகான் ஒருவர் அங்கே எழுந்தருளியிருந்தார். திருநாமம் காந்தச் சித்தர்.

வாசலில் ஆளுயரப் பேனர். 'பட்டணத்தில் முக்கால் மணி நேரம், சித்தரிடம் மூன்றே நிமிடம்! குகைக்குள் படுக்க வேண்டாம்! ஆதி சித்தர்களின் அதிவேக எம்.ஆர்.ஐ.!'

ஆதி சித்தர்கள் எம்.ஆர்.ஐ.யைக் கண்டுபிடித்துவிட்டு ஒரு ஓலையில்கூட எழுதாமல் ஏன் போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சித்தர்களுக்கு அடக்கம் அதிகம் போலிருக்கிறது.

நடைமுறை எளிது. முன்கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட சுஜிதா என்ற பெண் பேர், வயசு, "உடம்புக்கு என்னங்க பண்ணுது?" என்று அன்பாக விசாரித்து, கணினியில் தட்டி டோக்கன் கொடுப்பாள். கூப்பிடும்போது தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியால் போர்த்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். முகம் தெரிந்தால் காந்தக் கதிர் கண்ணைப் பறித்துவிடுமாம். உள்ளே ஆளுயர வெள்ளை வளையம் ஒன்று. அதன் நடுவே பலகையில் படுத்தால் டக்டக்கென்று சத்தம், நீல விளக்கு, சாம்பிராணி. எழுந்து வருவதற்குள் ஈரலில் கொழுப்பு எத்தனை சதவீதம், மூட்டு ஜவ்வு எத்தனை மில்லிமீட்டர் என்று அச்சடித்த காகிதம் தயாராக இருக்கும்.

"நான் வாயே தொறக்கலீங்க. முழங்கால் வலின்னு அப்படியே எழுதீட்டாருங்க!" என்று சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து வந்த விவசாயி நாச்சிமுத்து மெய்சிலிர்த்தார். சுஜிதாவிடம் அரைமணி நேரம் முழங்கால் புராணம் பாடியது அவர் கணக்கில் வாய் திறந்ததாகாது.

இந்தக் கூட்டத்தில் பெருமாயியும் ஒருத்தி. அரியூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிற குப்புசாமியின் மனைவி. வயிறு உப்பி, கால் வீங்கி, சர்க்கரையும் இருந்ததால், ஈரலில் கொழுப்பு எவ்வளவு, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளந்து பார்க்கச் சேலத்து டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருந்தார். பெருமாயி போனாள், படுத்தாள், பத்தாவது நிமிடம் கையிலிருந்த மணியை அமுக்கி அலறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். குழாய்க்குள் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. அந்தப் பயத்தை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. சித்தர் கேட்டார். கேட்டுவிட்டுக் காசாக்கினார்.

"ஈரல் கொழுப்பு முப்பத்தெட்டு. சர்க்கரை மாத்திரை காந்தத்தைத் தடுக்குது. அதை நிறுத்து தாயே" என்று அருள்வாக்கு வந்தது. பெருமாயி நிறுத்தினாள். மூன்றாவது வாரம் மிளகுத் தோட்டத்திலேயே மயங்கி விழுந்தாள்.

சேதி கேட்டுப் பெருமாயியின் அண்ணன் மகள் கவிதா விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுப்பதுதான் அவள் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கி அத்தை எழுந்து உட்கார்ந்த பிறகுதான் கவிதாவுக்குக் கோபமே வந்தது.

"அத்தே, மாத்திரையை நிறுத்தச் சொன்னது ஆரு?"

"சித்தருதான் கண்ணு. அவரு மிசின்ல மூச்சு முட்டறதில்ல. உங்க மிசின்ல படுத்தா உசுரோட பொதைச்சாப்ல இருக்குது."

கவிதா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தினமும் பார்க்கிற பயம்தான் அது.

"அது நெசந்தானுங்கத்தே. ஆனா உங்க ஈரலைப் பாக்காம அளவு சொல்ல முடியாது. உடம்புல இருக்கிற தண்ணி, கொழுப்பு எல்லாத்தையும் பெரிய காந்தம் உசுப்பி உடும். ஒவ்வொண்ணும் அடங்கறதுக்கு ஒவ்வொரு நேரமாகும். அந்த நேரத்த அளந்துதான் சதை எப்படி இருக்குதுன்னு சொல்றோம். இப்ப அளக்கறதக் கொறைச்சு, மிச்சத்தக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு வேகமா எடுக்கற வழி வந்திருக்குது. அதுக்கே பல வருசம் சோதிச்சுப் பாத்திருக்கறாங்க. இவரு மூணு நிமிசத்துல என்னத்த அளந்தாரு?"

குப்புசாமி தலையைச் சொறிந்தார். "பேப்பர்ல நம்பரு போட்டிருக்குதே கண்ணு!"

"மாமா, மிளகு விக்கறப்ப வியாபாரி தராசு சரியான்னு எப்படிப் பாப்பீங்க?"

"அதே மூட்டையத் திருப்பி வெக்கச் சொல்லுவேன். எடை மாறுச்சுன்னா தராசுல திருட்டு."

"அதையேதான் செய்யப்போறோம். மூட்டை நீங்கதான்."

மறுநாள் காலை மூன்று டோக்கன் வாங்கினார்கள். குப்புசாமி தன் பேரில் இடுப்பு வலி என்றார். ஜீப் ஓட்டும் வேல்முருகன், குடியால் வயிற்றெரிச்சல் என்று தன் பேரில் பதிந்தான். பக்கத்து வீட்டுக் கண்ணாயி, அடிவயிற்றில் வலி என்று சுஜிதாவிடம் கண் கலங்கினாள். சுஜிதாவும் சேர்ந்து கலங்கிக்கொண்டே தட்டினாள். பேர் மூன்றுதான், ஆனால் கூப்பிட்டபோது துணியைப் போர்த்திக்கொண்டு மூன்று தடவையும் உள்ளே போய்ப் படுத்தது குப்புசாமி ஒருவரே. வேறு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு போனதுதான் அவர் செய்த ஒரே மாயம்.

மூன்று காகிதங்களும் கைக்கு வந்ததும் கவிதா கூடத்தின் நடுவே நாற்காலி மேல் ஏறினாள்.

"ஏனுங்க, ஒரு நிமிசம் கேளுங்க! இந்த மூணு ஸ்கேனும் எங்க மாமா ஒருத்தரோடது. ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்தது. ஈரல் கொழுப்பு மொதல்ல ஒம்பது, அப்புறம் நாப்பத்தி நாலு, அப்புறம் இருபது. மூணாவது பேப்பர்ல இன்னொண்ணும் போட்டிருக்குது. கர்ப்பப்பையில மூணு சென்டிமீட்டர் கட்டி!"

குப்புசாமி தம் நரைத்த மீசையோடு எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. சுஜிதா மட்டும் கணினித் திரையை மூடினாள்.

சத்தம் கேட்டு உள்ளறைத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சித்தர் வெளியே வந்தார். கோபப்படவில்லை. கண்ணை மூடிப் புன்னகைத்தார்.

"மூடர்களே! இவன் போன பிறவியில் பெண். அந்தக் கட்டி பூர்வஜென்மக் கட்டி. பட்டணத்து மெஷின் இந்த உடம்பை மட்டும்தான் பார்க்கும். என் காந்தம் ஏழு பிறவியையும் பார்க்கும்!"

நம்புவீர்களா? கூட்டத்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாச்சிமுத்து, "அப்பவே நெனைச்சேனுங்க" என்றார். என்ன நினைத்தார் என்பது அவருக்கே தெரியாது.

அப்போதுதான் கண்ணாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அது என்ற பேர்ல வாங்கின டோக்கனுங்க. எனக்குக் கர்ப்பப்பைய எடுத்துப் பத்து வருசமாச்சு. எனக்கும் இல்ல, அண்ணனுக்கும் இல்ல. அப்ப அந்தக் கட்டி ஆரோடதுங்க சாமி?"

ஏழு பிறவியையும் பார்க்கிற சித்தர், கட்டிக்குச் சொந்தக்காரரைத் தேடி மண்டபத்துக் கூரையைப் பார்த்தார்.

குப்புசாமி வேட்டி மடிப்பிலிருந்து மிளகுக்கொடி அறுக்கும் கத்தியை உருவினார். சித்தர் பயந்து இரண்டடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க. மூணு தடவையும் இது என்ற இடுப்புலதான் இருந்துச்சு. எங்க கவிதா வேலை பாக்கற அறைக்குள்ள இதோட போனா காந்தம் கத்தியப் புடுங்கிக்குமாம். உங்க காந்தம் எட்டிக்கூடப் பாக்கலியே!"

கவிதா கத்தியை வாங்கித் திரையைத் தாண்டிப் போய் எல்லோரும் பார்க்க வளையத்தின் மேல் வைத்தாள். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. நாச்சிமுத்துவுக்கு இன்னும் நம்ப மனம் வரவில்லை. தாமே போய் வெள்ளை ரெக்சினைக் கிழித்துப் பார்த்தார். உள்ளே டிராக்டரின் பின்சக்கர டயர். டயருக்குள் ஒரு ஸ்பீக்கர். அது இன்னமும் டக்டக்கென்று பக்தியோடு பாடிக்கொண்டிருந்தது.

"என்ற தோட்டத்துல ரெண்டு கெடக்குது" என்று நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னார். "அதுக்குள்ள படுக்கறதுக்கா எழுபது வளைவு வந்தேன்?"

சித்தர் பின்வாசல் வழியே ஓடினார். அங்கே வேல்முருகன் ஜீப்பைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தான். விசாரணையில் சித்தரின் பூர்வஜென்மம் வெளியே வந்தது. பேர் பூபதி. கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டும் தொழில். நிஜ எம்.ஆர்.ஐ. சத்தத்தைச் செல்போனில் இறக்கிக்கொண்டதுதான் அவர் செய்த ஒரே தவம். சுஜிதா தட்டுவதெல்லாம் திரைக்குப் பின்னால் அவருடைய கணினியில் தெரியும். அதுதான் ஞானதிருஷ்டி.

அடுத்த வாரம் பெருமாயி சேலத்தில் மறுபடி படுத்தாள். இந்தத் தடவை வேகமான முறையில் எடுத்தார்கள். கவிதா அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். பதினோரு நிமிடம். பெருமாயி கண்ணை இறுக்கி மூடி, மூச்சை அடக்கச் சொன்னபோது அடக்கி, விடச் சொன்னபோது விட்டாள். மணியை அமுக்கவில்லை. ஈரலில் கொழுப்பு பத்தொன்பது சதவீதம், இறுக்கம் இப்போதுதான் ஆரம்பம், மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் மீட்டுவிடலாம் என்றார் டாக்டர்.

பெருமாயி காகிதத்தை வாங்கி நம்பரின் மேல் விரலை வைத்தாள்.

"ஏனுங்க டாக்டரு, இன்னொருக்கா படுத்தாலும் இதே பத்தொம்பதுதான் வருமுங்களா?"

கவிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றிரண்டு முன்னே பின்னே வரலாம் என்றும், ஏன் வரும் என்றும், அதை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்றும் பத்து நிமிடம் சொன்னார். பெருமாயி பாதியைப் புரிந்துகொண்டாள். மீதியை மறுபடி கேட்டாள்.

வித்தியாசம் அவ்வளவுதான் ஐயா! கேள்வி கேட்டால் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போடுகிறார், இன்னொருவர் பின்வாசலைத் தேடுகிறார். அடுத்த முறை எவனாவது உங்கள் ஈரலைப் பார்க்கிறேன் என்று வந்தால், படுப்பதற்கு முன்னால் உங்கள் மூளையைக் கொஞ்சம் எழுப்பிவிடுங்கள். அதுவும் உங்கள் உடம்பில் இருக்கிற உறுப்புதான்.