சனிக்கிழமைப் பொய்க்கால்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு யேசுரட்ணம் ஒரு சபதம் எடுத்தார். 'தபால் கப்பல்' தொடரை முதலாவது கதையிலிருந்து திரும்பப் பார்ப்பது. வரிசையாக. ஒன்றும் விடாமல்.

கிரகம் கிரகமாகக் கடிதம் கொண்டு திரியும் விண்வெளிக் கப்பலின் கதை அது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அரை நூற்றாண்டாக ஓடுகிறது. கப்டன்மார் கிழவராகி இறங்கிப் போவார்கள், கப்பல் நிற்காது. பழைய கதைகளில் அரக்கர்கள் எல்லாம் அட்டைப்பெட்டி. மழைக்காட்சி வந்தால் அரக்கருக்கே நடுக்கம். லண்டனுக்கு வந்த புதிதில் யேசுரட்ணம் ஆங்கிலம் பழகியது இதைப் பார்த்துத்தான். அதனால் கடையில் பால் கேட்டாலும், ஒரு கிரகத்துக்குக் கடைசி எச்சரிக்கை விடுவது போலவே கேட்பார்.

சபதத்துக்கு ஒரே இடைஞ்சல் சனி. கிரகம் அல்ல, கிழமை. தபால் கப்பலைச் சனிக்கிழமை பின்னேரம்தான் பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கலியாணமோ பூப்புச் சடங்கான சாமத்தியவீடோ அரங்கேற்றமோ, சனிக்கிழமைதான் வைக்கவேண்டும் என்பது லண்டன் தமிழரின் கொள்கை. அவருடைய மனைவி துசியந்திக்கு வராத அழைப்பிதழ் இல்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை, படியில் இறங்கும்போது யேசுரட்ணம் "ஐயோ!" என்றார்.

"என்னப்பா?"

"முழங்கால் பிடிச்சிட்டுது. ஓரடி வைக்கேலாது. நீர் கலியாணத்துக்குப் போயிட்டு வாரும்."

"நீங்கள் இல்லாமலோ?"

"என்ன செய்யிறது? எனக்கும் கவலைதான்."

"எந்தக் கால்?"

யேசுரட்ணம் இதை யோசித்து வைக்கவில்லை. கையில் அகப்பட்ட காலைப் பிடித்தார். துசியந்தி அந்தக் காலையும் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு பட்டுச்சேலை உடுத்து, அட்டியலும் போட்டுக்கொண்டு, "அப்ப நான் போறன்" என்று புறப்பட்டாள்.

கதவு சாத்திய சத்தம் யேசுரட்ணத்தின் காதில் ரொக்கெட் கிளம்பிய மாதிரி இருந்தது.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரம் வந்தார். திருச்சிக்காரர், கம்பியூட்டர் வேலை, இவரைப் போலவே தபால் கப்பல் பைத்தியம். அவர்கள் வசித்த ரெய்னர்ஸ் லேனில் எல்லாரும் அவரைக் கல்யாணம் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்படியாக யேசுரட்ணம் கலியாணத்துக்குப் போகாமல் கல்யாணத்தோடு இருந்தார்.

"ஹம்சா ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கல்யாணத்தின் மனைவியைப் பற்றி விசாரித்தார் யேசுரட்ணம்.

"சொல்றதாவது! 'கெளம்புங்க, கெளம்புங்க'ன்னு அவளே செருப்பை எடுத்து வெச்சுட்டா சார். யாரோ ஃபிரண்டு வர்றாங்களாம்."

"குடுத்து வைச்சனீர்."

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் யேசுரட்ணத்துக்கு முழங்கால் பிடித்தது. ஞாயிறு காலை விட்டது. இலவசமாகப் பிடிக்கவில்லை. வந்ததும் வராததுமாகத் துசியந்தி உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அவர் காலில் தேய்ப்பாள். அந்த மணத்துக்குப் பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர்கள் எழும்பிப் போனார்கள்.

"விழாவிலை பொரிச்ச ரோல்ஸ் ஒண்டும் கொண்டு வரேல்லையோ?" என்று நப்பாசையோடு கேட்பார்.

"முழங்காலுக்குக் கொழுப்புக் கூடாது. குரக்கன் புட்டு அவிக்கிறன்."

கேழ்வரகுப் புட்டு தொண்டையில் சிக்கினாலும் மனம் நிறைந்திருந்தது. சில வேளை தபால் கப்பல் இசை சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்கும். "உங்க ஸ்பீக்கர் பழசு சார், எதிரொலிக்குது" என்று விளக்கினார் கல்யாணம். படித்தவர் சொன்னால் சரிதானே.

இப்படி மாதக்கணக்கில் போனது. ஒரு பின்னேரம் சனிக்கிரகத்து அரசன் வரும் கதை. சந்தோசம் தாங்காமல் யேசுரட்ணம் சோபாவில் ஏறி நின்று, பொரிக்கும் தாச்சியைத் தலையில் கவிழ்த்து, அரசனாகவே கர்ஜித்தார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு முகங்கள் தெரிந்தன. துசியந்தியோடு ஒன்றாய்ப் படித்த பாலாம்பிகை. அவர் கணவர் கனகலிங்கம். கையில் திராட்சைப்பழம்.

யேசுரட்ணம் கீழே பாய்ந்தார். நடுவானத்தில்தான் முழங்கால் ஞாபகம் வந்தது; விழுந்த இடத்திலேயே காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

கல்யாணம் கதவைத் திறந்தார். பாலாம்பிகை ஓடிவந்து, "எழும்பாதேங்கோ அண்ணை!" என்றார். "துசியந்தி பாவம். உங்களைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி... ஒரு விழாவுக்கும் வரேலாமல் கிடக்கிறாள். என்ரை மகளின்ரை கலியாணத்துக்கும் வரேல்லை. நாங்கள் கோவிக்கேல்லை."

"கலியாணத்துக்கு அவ வரேல்லையோ?" யேசுரட்ணம் வாயைப் பிளந்தார்.

"அதுகும் மறந்திட்டாரே!" பாலாம்பிகை கண்ணைத் துடைத்தார். "முழங்காலிலை இருந்து மேலை ஏறிட்டுது போல."

கனகலிங்கம் தாச்சியைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த நேரம் சுவருக்கு அப்பால் ஒரு சிரிப்புக் கேட்டது. ஹம்சாவின் சிரிப்பல்ல. இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியாதா? உடனே கல்யாணம் பின்கதவால் நழுவினார். அடுத்த நிமிடம் அதே கதவால் பட்டுச்சேலையோடு துசியந்தி வந்தாள். கையில் ஒரு கிண்ணம்.

"வாங்கோ பாலா! இவருக்கு ஹம்சா வீட்டை கஞ்சி வாங்கப் போனனான்." தாச்சியைப் பக்குவமாக எடுத்து வைத்தாள். "வாயைத் திறவுங்கோ அப்பா."

வந்தவர்கள் பார்த்திருக்க, கடைசிக் கரண்டி வரை யேசுரட்ணம் கஞ்சி குடித்தார்.

அவர்கள் போனதும் வெடித்தார். "நீர் என்னைப் பேய்க்காட்டியிருக்கிறீர்!"

"நீங்களோ? போன கிழமை வலக்கால், இந்தக் கிழமை இடக்கால். முதல் நாளே எனக்குத் தெரியும்."

"பட்டுச்சேலை உடுத்தோ பக்கத்து வீட்டுக்குப் போனனீர்?"

"வடிவாப் போகக் கூடாதோ? நானும் ஹம்சாவும் தபால் கப்பல் பாக்கிறம். நாங்கள் இப்ப நாலாவது கப்டனிலை."

இவரும் கல்யாணமும் இன்னும் இரண்டாவது கப்டனைத் தாண்டவில்லை. யேசுரட்ணத்துக்கு அதுதான் கூடுதலாகச் சுட்டது.

"அப்ப அந்த விழாக்கள்?"

"எனக்கு அதுகள் கண்ணிலையும் காட்டக்கூடாது. ரோல்ஸைக் கண்டால் உங்கடை முகம் மலரும். அதுக்காகத்தான் இவ்வளவு வருசமும் போனனான்."

"நான் உமக்காகவெல்லோ போனனான்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த கிண்ணம் அதிர்ந்தது. யேசுரட்ணம் சோபாவில் தள்ளி இருந்து இடம் விட்டார். "வாரும். இனி ஒண்டாப் பாப்பம்."

அடுத்தது எந்தக் கதை என்று பார்த்ததும் அவருக்குப் புல்லரித்தது. அதன் கடைசிப் பகுதி ஒளிபரப்பான பின்னேரம் அவர் மாலையும் கழுத்துமாகத் தன் சொந்தக் கலியாண மேடையில் நின்றார். கப்டனைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று அன்றிலிருந்து அவருக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை. எங்கும் வாசிக்கவில்லை. யாராவது அந்தக் கதையை எடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்.

இசை எழுந்தது. கப்டன் தன் ஆட்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினான். யேசுரட்ணம் மூச்சை அடக்கிக்கொண்டார். துசியந்தி அவர் தோளில் ஆறுதலாகச் சாய்ந்தாள்.

"பாவம் அந்தச் சமையல்காரன்," என்றாள். "அவன்தான் எண்டு நான் கடைசி மட்டும் நம்பேல்லை."