மாமனாரின் மூத்திரப் பையும் என் கௌரவமும்

ஆஸ்பத்திரியில் நோயாளிக்காவது கட்டில் உண்டு. துணைக்கு இருப்பவனுக்கு ஸ்டூல்தான். எண்பதுகளில், கல்யாணமான புதிதில், மதுரையில் ஒரு மருத்துவமனையில் என் மாமனாருக்குத் துணையாக அப்படி ஒரு ஸ்டூலில் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன்.

மாமனார் உசிலம்பட்டி விவசாயி. சிறுநீர் அடைத்துக்கொண்டதால் டியூப் போட்டிருந்தார்கள்.

"அடைப்புக்காகத்தான் போட்டது. தேவையில்லாம ஒரு நாள்கூட வச்சிருக்கக் கூடாது, கிருமி தொத்தும். நாளைக்கு எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் டாக்டர். மாமனாரைவிட எனக்குத்தான் சந்தோஷம். (முதுகு என்னுடையதல்லவா.)

அன்று மதியம் சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறி வந்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே மஞ்சளாகத் தொங்கிய பையைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவசரமாக அதை ஒரு துணிப்பைக்குள் போட்டு, மாமனாரின் தலைக்கு மேலே சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன். பார்த்தால் யாரோ வாங்கி வந்த ஆரஞ்சுப் பழம் மாதிரி இருந்தது. இயற்பியலில் பட்டம் வாங்கியவன் செய்த காரியம் இது.

வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் கொண்டுவந்த இளநீரை நானே சீவி மாமனாருக்குக் கொடுத்தேன். மாப்பிள்ளை கொடுத்ததை மறுக்கிறவர் இல்லை, குடித்தார். பிறகு நெளிந்தார். ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, தம்பிக்கு இம்புட்டு வேர்க்குது?" என்று கேட்டார் அவருடைய அண்ணன்.

நான் விசிறிவிட்டேன்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் மாமனாரின் அடிவயிற்றைத் தொட்டார். மனிதர் துடித்துப்போனார்.

"பை எங்க?"

மேலே காட்டினேன்.

"தண்ணி மேல ஏறுமாய்யா? வயித்துக்குக் கீழதான் தொங்கணும். பையில உள்ளது திரும்ப உள்ள போனா காய்ச்சல் வரும்."

துணிப்பையிலிருந்து எடுத்துக் கீழே இறக்கியதும் சொந்தபந்தம் மொத்தமும் பார்க்க அது மளமளவென்று நிறைந்தது.

சொன்னபடியே காய்ச்சலும் வந்தது. வீட்டுக்குப் போவது தள்ளிப்போனது. மாமனார் நடுங்குவதைப் பார்த்து நிஜமாகவே பயந்துவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஏன் மாமா சொல்லல?"

"மாப்ளகிட்டப் போயி அதை எப்படிங்க சொல்றது."

"இனிமே எதுனாலும் என்கிட்டச் சொல்லிருங்க மாமா."

அதற்கப்புறம் பிழைத்து வீடு வந்தவர், என் வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார். என் மைத்துனியின் கல்யாணத்தில், மேளம் ஓய்ந்த இடைவெளியில், மணமேடையிலிருந்தே கூப்பிட்டார்: "மாப்ள, ஒண்ணுக்கு வருது, வாங்க."

பக்கத்தில் மைக் இருந்தது. அந்தக் கல்யாணத்தை யாரோ கேசட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் அதைப் போடும்போதெல்லாம், தாலி கட்டும் இடத்தை விட்டுவிட்டு இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.