வேலுத்தாய் எஸ்.டி.டி. பூத்

இது நடந்தது தொண்ணூற்று மூன்றிலா, நாலிலா என்று எனக்கு உறுதியில்லை. ஜெயபாய் டீச்சர் சொன்னதில் பாதியை நானே கட்டிக்கொண்டேனோ என்றும் சந்தேகம். அவள் வெட்கப்பட்டது மட்டும் நிச்சயம்.

பத்து வருடத்துக்கு முன், பம்பாயில் இருந்தபோது, அவள் மார்பில் சிலிகான் பைகள் வைத்துக்கொண்டாள். கணவன் ஞானதுரையைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது இடது பக்கம் கல்லாக இறுகி மேலே ஏறிவிட்டது. புதிதாக மாற்றுவதா, இரண்டையும் எடுத்துவிடுவதா? யோசித்துச் சொல்லும்படி மெட்ராஸ் டாக்டர் சொல்லியிருந்தார். ஞானதுரையிடம் கேட்டால், "உன் இஷ்டம்" என்று ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குப் பஸ் ஏறிவிடுவார்.

அவள் வேலை பார்த்த ராஜபாளையத்தில் எந்த பூத்துக்குப் போனாலும் அவளிடம் படித்த ஒருவர் இருப்பார். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஒரு பூத்திலிருந்து மெட்ராஸுக்குப் போன் போட்டாள். டாக்டர் இல்லை.

"சாயங்காலம் நாங்களே கூப்பிடறோம். நம்பரும் பேரும் சொல்லுங்க," என்றாள் நர்ஸ்.

பூத் நம்பரைச் சொன்னாள். சொந்தப் பேரைச் சொல்ல நா எழவில்லை. எதிரே ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்திருந்த பேரைச் சொன்னாள். வேலுத்தாய்.

தேரடியில் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தால், பூத்துக்குள் சண்டை. முதலாளி பால்பாண்டி, மனைவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, மெட்ராஸ்ல இருந்து போன். வேலுத்தாய் இருக்காங்களான்னா. வீட்டுக்காரன்தான் பேசுதேன்னேன். நெஞ்சுல வச்ச பையை மாத்தணுமா எடுக்கணுமான்னு கேக்குதா!"

"பதினோரு வருசமா கூட இருக்க மனுசன் கேக்குத கேள்வியா இது?" என்றாள் வேலுத்தாய்.

ஜெயபாய் குறுக்கே போனாள். "ராங் நம்பரா இருக்கும்ண்ணே."

"ராங் நம்பர்ல பேரு மட்டும் சரியா வருமாக்கா?"

"அது... என் மதினிக்கு. அவ பேரும் வேலுத்தாய்தான்."

வேலுத்தாய் அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள். "வேதக்காரவுக வீட்டுல வேலுத்தாயா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பால்பாண்டி சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார்.

"உனக்கு எதுக்குட்டி அது? நான் என்னைக்காவது கொறை சொன்னனா? நீ இருக்க மாதிரியே எனக்குப் போதும்லா."

மீட்டரில் சிவப்பு எண்கள் எரிந்தன. இன்னொருத்திக்குச் சேர வேண்டிய வார்த்தையை, கதவுக்குப் பின்னால் நின்று திருடிக் கேட்டுவிட்டது போல ஜெயபாய்க்குக் கூசியது.

"எனக்குத்தான்," என்றாள். "நான்தான் உங்க பேரைச் சொன்னேன்."

வரிசை முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. வேலுத்தாய் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனாள்.

"ஏங்க்கா, கல்யாணமாகி இன்னைக்குத்தான் இந்த மனுசன் வாயில இருந்து இப்படி ஒரு வார்த்தை வந்திருக்கு. செத்த நேரம் கழிச்சு உண்மையச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அடுத்த மாதம் ஜெயபாய் இரண்டையும் எடுத்துவிட்டாள். ஞானதுரை ஒன்றும் சொல்லவில்லை. எட்டு நாளும் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார். பால்பாண்டி பிற்பாடு பூத்தை ஜெராக்ஸ் கடையாக்கினார். வேலுத்தாய்க்கு மறு வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது.