கால் வழியே கழன்ற நஞ்சு

அந்த மண்டபத்தில் செருப்பு வைக்க இடமில்லை. வாசல், படி, தெருமுனை எல்லாம் செருப்பு. உள்ளே அத்தனை பேரும் வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். பாதஞானி காலைப் பார்த்தே நோய் சொல்வாராம். முகத்தைப் பார்த்தால் கேள்வி கேட்டுவிடுவார்கள். கால் பேசாது அல்லவா?

"நீங்க விழுங்குற மாத்திரை எங்க போகுது?" என்று கேட்டார் ஞானி. "மேல போட்டது கீழதானே இறங்கும்? அத்தனையும் உள்ளங்கால்ல நஞ்சா தேங்கி நிக்குது!"

கூட்டம் குனிந்து தன் காலைப் பார்த்தது.

தையல்காரம்மாவும் பார்த்தாள். வலிப்புக்காகப் பன்னிரண்டு வருடமாய் இருவேளை மாத்திரை சாப்பிடுகிறவள். எத்தனை ஆயிரம் மாத்திரை! நினைக்கவே கால் கனத்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் காலை வைத்தாள். ஓரத்தில் இரண்டு இரும்புத் தகடுகள், அவற்றுக்கு மின் ஒயர். ஞானி மந்திரம் முணுமுணுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். ஞான சக்திக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் தண்ணீர் காப்பி நிறமானது.

"பாத்தியாம்மா? கால்ல இருந்து கழன்ற நஞ்சு இது! இனி மாத்திரையைத் தொடாதே!"

அவள் தொடவில்லை. நாலு நாள் உடம்பு காற்றாய் இருந்தது. ஐந்தாம் நாள், தைத்துக்கொண்டிருந்தபோதே வலிப்பு வந்து மிஷின்மேல் சாய்ந்தாள். ஊசி ஆள்காட்டி விரலைத் துளைத்திருந்தது. பக்கத்திலிருந்த மகள் அதைப் பார்த்து அலறினாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை ஓடிவந்தாள். டாக்டரிடம் காட்டி, நின்றுபோன மாத்திரையை மறுபடி தொடங்க வைத்தாள்.

"ஏன்க்கா நிறுத்தினே?"

"கால்ல தேங்கி நிக்குதுடி. என் கண்ணால பாத்தேன்."

"தேங்கி நின்னா ஒரே மாத்திரை ஆயுசுக்கும் போதுமே! எதுக்குத் தினம் ரெண்டு வேளை?"

அக்கா தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். தங்கை விளக்கினாள்.

"மாத்திரை குடல்ல கரைஞ்சு ரத்தத்துல சேரும். ரத்தம் அதை மூளை வரைக்கும் கொண்டுபோகும். அப்புறம் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமா உடைக்கும், சிறுநீரகம் வெளியே தள்ளும். ரத்தத்துல குறையக் குறைய அடுத்த வேளை போடுறோம். நீ போடாம விட்டே, மூளைக்குக் காவல் இல்லாம போச்சு."

"அப்ப அந்தத் தண்ணி ஏன் கறுத்துச்சு?"

"அதை அங்கேயே போய்க் கேப்போம்."

தையல்காரம்மா கட்டுப்போட்ட விரலோடு எழுந்தாள். தன் தையல்கடை வாசலில் சேலை கட்டி நின்ற பொம்மையின் ஒரு காலைக் கழற்றிப் பையில் போட்டாள்.

மறுநாள் தங்கையோடு மண்டப வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது.

"சாமி, சொந்தக்காரி ஒருத்திக்கு நடக்க முடியலை. காலை மட்டும் கொண்டுவந்திருக்கேன்."

பிளாஸ்டிக் கால் தொட்டிக்குள் போனது. ஞானி ஸ்விட்சைக் கையால் மறைத்தார். "போடுங்க சாமி, பாப்போம்!" என்றது பின்வரிசை. தங்கை எட்டித் தட்டிவிட்டாள்.

கால் மணி நேரம். காப்பி நிறம்.

"இவ எத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடுறா சாமி?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

"பிளாஸ்டிக்கும் நஞ்சுதானே!" என்றார் ஞானி. சமாளிப்புக்கும் ஒரு ஞானம் வேண்டும்.

தங்கை பொம்மைக் காலை வெளியே எடுத்தாள். தண்ணீரை மாற்றி, உப்புப் போட்டு, காலே இல்லாமல் ஓடவிட்டாள். அதுவும் கறுத்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தகட்டைத் தூக்கிக் காட்டினாள். ஓரமெல்லாம் அரித்துப் பல்லிளித்தது. "கழன்றது உங்க நஞ்சு இல்லை. இந்த இரும்போட துரு."

எல்லாரும் நிமிர்ந்தபோது ஞானியைக் காணோம். வாசலில் கிடந்த செருப்பில் கைக்கு வந்த ஜோடியை மாட்டிக்கொண்டு போயிருந்தார்.

வரிசையில் நின்ற ஒருவர் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, புதுத் தகடு மாத்தினா சரியாயிடுமா?"

தையல்காரம்மா பொம்மைக் காலைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"தகடு துருப்பிடிச்சா மாத்திக்கலாம்ங்க. மூளைக்கு மாத்துத் தகடு எந்தக் கடையிலயும் இல்லை. அதைக் காப்பாத்துற மாத்திரையை விட்டுடாதீங்க."