துரைக்கு ஓர் இறால்

லைப்ரரியம்மா சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டு, ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் போனுமாக மகளைக் கூப்பிட்டபோது பொழுது சரியாக விடிந்திருக்கவில்லை.

"தொட்டிக்குள்ள பாம்பு இருக்குடி."

"கனவு கண்டிருப்பேம்மா. தண்ணி குடிச்சுட்டுப் படு."

"கனவுல வந்த பாம்பு பவளத்தைத் திங்குமா? பச்சைப் பொத்தான் பவளம் பாதியைக் காணோம். இடது பக்கத்துப் பெரிய கல்லுல ஒரு பொந்து இருக்கில்ல, அதுக்குள்ள வால் போறதை நான் இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அது புழுவா இருக்கும்மா. கடல் புழு."

"புழுவா?" என்றவர், சோபாவிலிருந்து அதன் கைப்பிடிக்கு ஏறினார். பாம்பென்றால்கூடப் பரவாயில்லை.

லைப்ரரியம்மாவுக்குப் புழு என்றால் ஆகாது. காலிஃபிளவரில் ஒன்று நெளிந்தால் போதும், அன்றைக்குச் சமையல் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக் காய்கறியை உப்புத் தண்ணீரில் போட்டு அலசி, உள்ளே இருப்பதை அவர் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தி வைத்தது அவருடைய கணவர்தான். "இன்னைக்குக் காய் சுத்தமா இருந்துச்சு" என்று கூசாமல் பொய் சொல்லுவார்.

கணவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். ஹாலில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்ற அந்தக் கடல்நீர்த் தொட்டி அவர் கையால் அறுத்து, ஒட்டி, மெருகேற்றியது. விளிம்பை விரலால் தடவினால் ஒரு கண்ணாடி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அதற்குள் பவளம் வளர்த்தார், மீன் வளர்த்தார். போன மழைக்காலத்தில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவர் வீட்டைப் பற்றியோ கடையைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "துரையைப் பட்டினி போட்டுடாதே" என்றார். "சாயங்காலம் விளக்கை அணைச்சுட்டு ஒரு இறால். அவ்வளவுதான் அவன் கேப்பான்."

துரை யார் என்பதில் லைப்ரரியம்மாவுக்குச் சந்தேகமே எழவில்லை. தட்டு அகலத்தில் ஒரு நீல மீன். மற்ற மீன்களை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, தொட்டியைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியவன் போல நெஞ்சை நிமிர்த்தி உலாவும். அதற்குத் துரை என்று பெயர் வைக்காமல் வேறெதற்கு வைப்பது? மாலை நேர நூலகத்தைப் பூட்டிவிட்டு அவர் வீடு வரும்போது எப்போதுமே துரை சாப்பிட்டு முடித்திருக்கும். கணவரும், துணைக்குச் சீட்டாட வந்த கீழ்வீட்டுக்காரரும் ஏதோ திருட்டுத்தனம் செய்த பையன்கள் போலச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. தினமும் மாலையில் நீள இடுக்கியில் இறாலைப் பிடித்து மீனின் வாய்க்கு நேரே நீட்டினார். விளக்கை மட்டும் அணைக்கவில்லை. சாப்பிடுகிற முகத்தைப் பார்க்க வேண்டாமா? மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே.

"துக்கம்டி" என்று மகளிடம் சொன்னார். "மீனாப் பொறந்தா மனசு இருக்காதா?"

இறால் வாங்கும் மீன் கடைக்காரர்கூட ஒருநாள், "அந்த ஜாதி மீன் பாசிதானேம்மா திங்கும்?" என்று கேட்டார்.

"உங்க கடை மீன் பாசி திங்கும். எங்க வீட்டு மீன் இறால் திங்கும். வளர்ப்பு அப்படி."

தின்னாத இறாலை உள்ளேயே விட்டால் தண்ணீர் கெடும். அதனால் கொஞ்ச நேரம் காத்திருந்து, அதே இடுக்கியால் எடுத்துவிடுவார். துணுக்கு மிஞ்சாது. உப்பின் அளவு, சூடு, விளக்கு எல்லாம் கணவர் காலத்தில் இருந்தபடியே இம்மி பிசகாமல் ஓடின. அதில் லைப்ரரியம்மாவுக்குப் பெருமை உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது பரீட்சை வந்திருந்தது. பவளம் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். கண்ணாடிக்காரர் போன கையோடு ஆரம்பித்தவர், இன்னும் விடவில்லை. "மேடம், இதெல்லாம் வயசானவங்க தனியாப் பார்த்துக்கிற சமாச்சாரமில்லை. தொட்டியை என் கிளினிக்குக்குக் குடுத்துடுங்க. பேஷண்ட் எல்லாம் வலியை மறந்து பார்ப்பாங்க." மகளும், "குடுத்துட்டு நிம்மதியா இரேம்மா" என்று ஒத்து ஊதினாள். பொறுக்க முடியாமல் லைப்ரரியம்மா சவால் விட்டிருந்தார்: "வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. ஒரு குறை இருந்தாலும் எடுத்துட்டுப் போங்க."

குறை, பொந்துக்குள் வாலை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

சோபாவிலிருந்து இறங்கியதும் லைப்ரரியம்மா தனக்குத் தெரிந்த வழியில் போனார். கணவரின் அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கி, மேஜைமேல் பரப்பி, புழு என்ற தலைப்பைத் தேடினார். படம் வந்த பக்கங்களைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் படித்தார். கண்ணாடியில் எள்ளுத் தோல் போல ஒட்டுவது தட்டைப் புழு. குழாய்க்குள் இருந்து விசிறி விரிப்பது சாது. இரண்டு பக்கமும் பிரஷ் போல வெள்ளை முள் வைத்திருப்பது முள்புழு. டார்ச் அடித்துப் பார்த்தார். கல்லடியில் முள்புழுக்கள் இருந்தன. விரல் நீளம்தான். ஆனாலும் குற்றவாளி கிடைத்துவிட்டது.

கணவரின் காலி மாத்திரை டப்பாவில் சூடான ஊசியால் துளை போட்டு, உள்ளே இறால் துண்டு வைத்து இறக்கினார். மத்தியானத்துக்குள் டப்பா நிறைந்தது. வெற்றிக் களிப்பில் கையுறை போட மறந்து திறந்ததில், கண்ணுக்குத் தெரியாத முள் விரல் முழுக்க ஏறியது.

"செல்லோடேப் ஒட்டி உரிம்மா, வந்துடும்" என்றாள் மகள். "ஆமா, அந்தப் புழுவை ஏன் பிடிச்சே? அது கீழே விழற அழுக்கைத் தின்னு தொட்டியைச் சுத்தம் பண்ற புழுவாச்சே. நெட்ல போட்டிருக்கான்."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீதான் லைப்ரரியன்!"

புத்தகத்தின் அடுத்த பக்கத்திலும் அதுதான் இருந்தது. படத்தை மூடிய கைக்குட்டை அதையும் சேர்த்து மூடியிருந்தது. லைப்ரரியம்மா டப்பாவைத் திரும்பத் தொட்டியில் கவிழ்த்து, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று முள்புழுக்களிடம் சொன்னார்.

மறுநாள் இன்னும் கொஞ்சம் பவளம் போயிருந்தது.

மீன் கடைக்காரர் ஒரு சிலந்தி நண்டைக் கொடுத்தார். குடைக்கம்பி போல நீண்ட கால்கள். "புழு வேட்டையில இவன் புலிம்மா. விட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

புலி போனதும் போகாததுமாக நீல மீனின் வாலைக் கிள்ளியது. நத்தையைக் கவிழ்த்துப் போட்டது. மிச்சமிருந்த பவளத்தின் மேல் உட்கார்ந்து சாவகாசமாகத் தலை சொறிந்தது. லைப்ரரியம்மா அதை எப்படி வெளியேற்றுவது என்ற கவலையோடு தூங்கப் போனார். விடிந்தபோது அந்தக் கவலை தீர்ந்திருந்தது. பொந்து வாசலில் நான்கு குடைக்கம்பிகள் கிடந்தன. புலியைக் காணோம்.

அப்போதுதான் அவர் அதை முழுசாகப் பார்த்தார். கால்களை எடுக்க இடுக்கியை உள்ளே விட்டதும், பொந்திலிருந்து ஒரு தலை வந்தது. அதில் ஐந்து உணர்கொம்புகள். உடம்பு செம்பு நிறம்; வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வானவில்லாக மின்னியது. இடுக்கியைக் கண்டதும் ஓடி ஒளிய வேண்டிய பிராணி நேராக வந்து அதன் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஏமாந்தது போல மெல்ல உள்ளே போனது.

"என்ன திமிர் பாருடி அதுக்கு!" என்று போனில் பொருமினார். சோபாவில் ஏற மறந்துவிட்டது அவருக்கே பிறகுதான் உறைத்தது.

இந்த முறை கைக்குட்டையை எடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்தே படித்தார். பெரிய தாடைப் புழு. கல்லுக்குள் ஒளிந்திருந்து பவளம், நண்டு, நத்தை எதையும் விடாது. பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். மிச்சம் உள்ளேயே வளரும். கல்லைத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

பெரிய கல்லை எடுக்க அதன் மேலிருந்த கற்களை எடுக்க வேண்டியிருந்தது. அவற்றை வைக்கக் கடல் தண்ணீர் நிறைந்த வாளிகள் வேண்டியிருந்தன. வாளிகள் தீர்ந்து, குளிக்கும் டப், சோறு வடிக்கிற பாத்திரம், கடைசியில் பிரஷர் குக்கர் வரைக்கும் வந்தது. நீல மீன் குக்கருக்குள் சுற்றிச் சுற்றி வந்து அவரை ஒரு பார்வை பார்த்தது. "கொஞ்ச நேரம்தான் துரை. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தவரின் கால், டப்பில் இடித்தது. டப் சாய்ந்தது. கடல் ஹாலைக் கடந்து, பால்கனிப் பக்கமாகப் போய், தரையில் எங்கோ ஓட்டை கண்டுபிடித்துக் கீழே இறங்கியது.

வாசலில் தட்டல்.

"தங்கச்சி! என் கட்டில் மேல மழை பெய்யுது. நக்கிப் பார்த்தேன், உப்புக் கரிக்குது. வீட்டுக்குள்ள என்ன நடக்குது?"

கீழ்வீட்டுக்காரர். கண்ணாடிக்காரர் போனதிலிருந்து அவர் மாடியேறவேயில்லை. அந்த ஹாலில் நண்பரின் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்கத் தெம்பில்லை என்று மகளிடம் சொல்லியிருந்தார். இப்போது வந்து நிற்கிறார். ஆனால் தொட்டி பாதி காலி, ஹால் குளம், கையில் கல். இந்தக் கோலத்தை யாருக்கும் காட்டுவதாக இல்லை லைப்ரரியம்மா.

"சின்ன வேலைண்ணே! ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வாங்க, எல்லாம் காட்டறேன்."

"அதுவரைக்கும்?"

"குடை பிடிச்சுக்குங்க!"

அப்புறம் அவர் செய்ததை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, அதன் வாயில் இரும்புச் சல்லடையைப் போட்டு, அதன்மேல் கல்லை வைத்தார். கல் காயக் காய, உள்ளே இருப்பது தண்ணீரைத் தேடி இறங்கித்தானே ஆக வேண்டும்? நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கணவர் கண்ணாடி ஒட்டிவிட்டுப் பசை காயும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாரே, அதே மாதிரி. "அவசரப்பட்டா விரிசல் விடும்" என்பார் அவர். லைப்ரரியம்மா அவசரப்படவில்லை.

முதலில் கொம்புகள் வந்தன. பிறகு தலை. பிறகு உடம்பு வந்தது, வந்தது, வந்துகொண்டேயிருந்தது. வாளிக்குள் மூன்று சுற்றுச் சுற்றிய பிறகும் வால் கல்லுக்குள் இருந்தது. கடைசியில் அதுவும் வழுக்கி விழுந்தது. லைப்ரரியம்மா மூடியைப் போட்டு, அதன்மேல் அகராதியை வைத்தார். பெரிய அகராதி.

ஞாயிற்றுக்கிழமை தொட்டி கண்ணாடிக்காரர் கண் முன்னால் இருந்தது போலவே இருந்தது. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. பல் டாக்டர் சட்டைப் பையிலிருந்து, பல்லைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, கற்களின் பின்பக்கமெல்லாம் விட்டுப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் மேடம். ஆனா இங்க ஒரு சொத்தை தெரியுதே. பொத்தான் பவளம் பாதிதான் இருக்கு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவர் போல லைப்ரரியம்மா எழுந்தார். அகராதியை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். கையிலிருந்த குட்டிக் கண்ணாடி கீழே விழுந்தது.

"இதை... யார் பிடிச்சது?"

"பின்னே, பல் டாக்டருக்கா சொல்லி அனுப்பணும்? நான்தான்."

"தனியாவா?"

"தனியா. அறுக்காம, முழுசா."

"அம்மா!" என்றாள் மகள். "நீ காலிஃபிளவர் புழுவுக்கே..."

"அது அப்போ."

டாக்டர் குனிந்து குட்டிக் கண்ணாடியைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். பிறகு, "நான் பார்த்ததிலேயே பெரிசு மேடம் இது" என்றார். "சங்கத்துல ஒருத்தராலயும் முடிஞ்சிருக்காது. கண்ணாடிக்காரர் இருந்திருந்தா அசந்துபோயிருப்பார். தொட்டி இங்கேயே இருக்கட்டும். நான் வாயைத் திறந்ததே தப்பு. இதையாவது குடுங்க, ஸ்பிரிட்ல போட்டு கிளினிக்ல வைக்கிறேன். உங்க பேரையும் எழுதி வைக்கிறேன்."

லைப்ரரியம்மா சுவரிலிருந்த கணவரின் படத்தை ஒருமுறை பார்த்தார். பார்த்தாயா, என்பது போல. உன் பவளத்தை நான் காப்பாற்றிவிட்டேன். உன் துரைக்கும் ஒரு குறையில்லை. நீ இல்லாமல், நான்.

"எடுத்துட்டுப் போங்க டாக்டர்" என்றார், தலையை நிமிர்த்தி.

அப்போது வாசல் கதவு திறந்தது. விரித்த குடையோடு கீழ்வீட்டுக்காரர் உள்ளே வந்தார். காலி நாற்காலியைப் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பியவர், வாளியைப் பார்த்தார். குடையை மடக்கினார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அடப்பாவமே, துரையை எதுக்கு வாளியில போட்டிருக்கீங்க தங்கச்சி? இப்படி மெலிஞ்சு கிடக்கிறானே, சாயங்காலம் இறால் போடறதில்லையா?"