களை பிடுங்கும் உல்லாசப் பயணி

கீழக்குயில்குடிக்கு மேற்கே விருமாண்டிக்குக் கொஞ்சம் நெல் வயலும், வயலோரத்தில் ஒரு வீடும், ஓர் எருமையும் இருந்தன. வீட்டை மகனுக்காகக் கட்டினார். மகன் கனடாவில் இருந்துகொண்டு வீடியோவில் அதைப் பார்த்துப் பாராட்டியதோடு சரி. பூட்டிக் கிடந்தால் கரையான் குடியேறிவிடும் என்று மகள் சரண்யாதேவி அதை விடுமுறைப் பண்ணை வீடாக்கி நெட்டில் போட்டாள்.

வருகிறவர்கள் பொழுதுபோக இங்கே என்ன செய்யலாம் என்று அப்பாவிடம் கேட்டாள். விருமாண்டி யோசித்தார். சமணர் மலை இருக்கிறது, ஏறினால் இறங்கத்தான் வேண்டும். மற்றபடி களை இருக்கிறது, எருமை இருக்கிறது என்றார். மகள் களை பிடுங்குவதை ‘மண்ணோடு மனம் கலத்தல்’ என்றும், எருமை குளிப்பாட்டுவதை ‘கால்நடை நீராட்டு அனுபவம்’ என்றும் எழுதிப் போட்டாள்.

சென்னையிலிருந்து ஆட்கள் கார் காராக வந்தார்கள். களையை விட்டுவிட்டு நெற்பயிரைப் பிடுங்கி, அதைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். விருமாண்டிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அவருடைய பெரிய கவலை அதுவல்ல. கண்மாய்க்கு வரும் கால்வாயைக் கருவேல முள் அடைத்துக் கிடந்தது. ஊரே மனுக் கொடுத்து ஓய்ந்துவிட்டது. பயிர் காயத் தொடங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஊரக உல்லாச ஒழுங்குமுறை அலுவலர் சிவபாண்டி ஜீப்பில் வந்திறங்கினார். கிணறு வற்றி, பம்புசெட் தொட்டியில் மிச்சமிருந்த முழங்கால் தண்ணீரில் நின்று எருமையைக் கழுவிக்கொண்டிருந்த சீனியம்மாளைப் பார்த்தார்.

“இந்தம்மா யாரு? விருந்தாளியா, ஊழியரா?”

“என் பொண்டாட்டி சார்.”

“அப்படி ஒரு பிரிவு எங்ககிட்ட இல்லையே.”

ஒரே வயலில் ஒரே களையை ஒருவர் உல்லாசமாகவும் இன்னொருவர் உழைப்பாகவும் பிடுங்கினால் அரசு அதை எந்தத் தலைப்பில் வைப்பது என்று அலுவலர் மிகுந்த வேதனையோடு கேட்டார். எனவே பொதுநலன் கருதி, கணவனும் மனைவியும் உல்லாசப் பயணிகள் என்று அங்கேயே பதிவானார்கள். நீராட்டு என்பது நீர் விளையாட்டு ஆகையால் சீனியம்மாளுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். எருமை அதைப் பார்த்து மிரண்டு அன்றைக்குப் பால் தர மறுத்தது.

விருமாண்டி மெதுவாகக் கால்வாய்ப் பேச்சை எடுத்தார். அது விவசாயிகள் பிரச்சினை, பயணிக்கு அதில் வேலையில்லை என்றார் சிவபாண்டி. பயணி என்ற முறையில் குறை ஏதும் உண்டென்றால் சொல்லலாம் என்றும் அன்போடு சேர்த்துச் சொன்னார்.

விருமாண்டி தலையைச் சொறிந்தார்.

“மண்ணோட மனசு கலக்கலாம்னா மண்ணு ஈரமா இல்ல சார்.”

அலுவலரின் முகம் வெளிறிவிட்டது. பயணி ஒருவர் மனம் வருந்தினார் என்ற செய்தி மேலே மேலே போனது. அந்த வாரமே ஜேசிபி வந்து முள்ளை வாரி எறிந்தது. கண்மாய் நிரம்பி மடை திறந்தது. வரப்பில் நின்று தண்ணீர் பாய்வதைப் பார்த்தபோது விருமாண்டிக்குக் கண் கலங்கியது. அடுத்த வயல்காரர் வீரணன் மட்டும் நேராகக் காரியத்துக்கு வந்தார். பயணியாவதற்கு யாரைப் பார்க்கணும்ணே என்று கேட்டார்.

சீக்கிரமே ஊர் மொத்தமும் பயணியாகிவிட்டது. மாவட்டத்திலேயே அதிகமான பயணிகள் தங்கியிருக்கும் கிராமம் என்று கேடயம் கொடுத்தார்கள். ஊரார் கேடயத்தை வாங்கிக்கொண்டு அறுப்புக்குப் போனார்கள். அந்த வருஷம் நெல் அம்புட்டு நன்றாக விளைந்திருந்தது.

விருமாண்டி மூட்டைகளோடு போன நெல் கொள்முதல் நிலையத்தில் பாண்டீஸ்வரி என்ற எழுத்தர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பயணியிடம் நெல் வாங்க விதி இல்லை.

“ஞாபகார்த்தப் பொருளா ஊருக்கு எடுத்துட்டுப் போங்கய்யா. தடையில்ல.”

“எந்த ஊருக்குத் தாயி? இதுதான் எங்க ஊரு.”

“இங்க நீங்க சுத்திப் பாக்க வந்திருக்கீங்க.”

விருமாண்டி கையெடுத்துக் கும்பிட்டு, தன்னைப் பழையபடி விவசாயியாக்கிவிடச் சொன்னார். வெளியே லாரியில் மூட்டைகள் வெயிலில் கிடந்தன, மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பாண்டீஸ்வரி இரக்கமுள்ளவர். ஒரு வழி இருக்கிறது என்றார். பயணிகள் எண்ணிக்கையை ஏற்கெனவே மேடையில் அறிவித்துவிட்டார்கள். அது குறையக்கூடாது. விலகுகிற ஒவ்வொருவரும் தனக்குப் பதிலாக இன்னொரு பயணியைக் காட்டினால் போதும்.

இடிந்துபோய் வாசலுக்கு வந்த விருமாண்டியை, கீழ்மடை ஊர்க்காரன் மருது வழிமறித்தான். அவர்கள் பயிரும் காய்கிறதாம். பயணியானால் தண்ணீர் வருமென்று கேள்விப்பட்டு ஊரே கிளம்பி வந்திருக்கிறது.

“நெசந்தானாண்ணே? வில்லங்கம் ஒண்ணும் இல்லையே?”

விருமாண்டி அவனுடைய வெடித்த உதட்டைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். பிறகு அவன் தோளில் கைபோட்டு, உள்ளே பாண்டீஸ்வரியின் ஜன்னல் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஒரு வில்லங்கமும் இல்ல மாப்ள. களை புடுங்க அம்புட்டுச் சொகமா இருக்கும்.”